பெரட்டுக்கு முன் ஒரு கோப்பை: மலாயாத் தமிழர் வரலாற்றில் காப்பி

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரப்பர் மரத்தடியிலிருந்தே தொடங்குவர். பள்ளிப் பாடநூல்கள் அவ்வாறே கூறுகின்றன. ஆசிரியப் பயிற்சி மாணவர்களின் கட்டுரைகளும் அதனையே வழிமொழிகின்றன. ஆயின் இரப்பர் பெருவளர்ச்சி கண்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே தமிழர் இந்நாட்டுத் தோட்டங்களில் உழைத்தனர் என்பதை ஜாக்சன் (1968), கெர்னியல் சிங் சந்து (1969) ஆகியோரின் நூல்கள் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியுள்ளன. முதலில் புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்கள். பின்னர்ச் சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களின் காப்பித் தோட்டங்கள். நாம் நாள்தோறும் கலக்கிக் குடிக்கும் கோப்பைக்குள் காப்பியும் சர்க்கரையும் ஆகிய இரண்டும் நம் முன்னோரின் தோளில் ஏறி வந்தவை. இதனை நாம் மறந்துவிட்டோம் என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடத்திட்டக் கூட்டத்தில், அன்றாட வாழ்வியல் வரலாற்றைப் பயிற்சி மாணவர்க்கு ஒரு பாடப்பகுதியாக வைக்கலாம் என்று யான் கூறினேன். எடுத்துக்காட்டாகக் காப்பி குடிக்கும் பழக்கத்தைச் சுட்டினேன். "காப்பி குடிப்பதும் வரலாறா?" என்று மூத்த அறிஞர் ஒருவர் சிரித்தார். அவர் கையில் அப்போது இருந்தது காப்பிக் கோப்பை. அவரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. நம் கல்வி மரபு பேரரசுகளையும் பெருங்கோயில்களையும் வரலாறாகக் கற்பித்த அளவுக்கு அடுப்படியையும் கடைத்தெருவையும் வரலாறாகக் கற்பிக்கவில்லை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) இக்குறையைப் பெரிதும் போக்கியது. நீராகாரம் இருந்த இடத்தில் காப்பி வந்து அமர்ந்ததையும், அது நடுத்தர வகுப்பாரின், குறிப்பாகப் பிராமணரின், தகுதி அடையாளமாக மாறியதையும், தேநீர் உழைப்பாளரின் பானமாக ஒதுங்கியதையும் அவர் விளக்கியுள்ளார். மலாயாவின் கதை அதனினும் வேறுபட்டது. அவ்வேறுபாட்டை இவண் காண்போம்.

சொற்கள் சொல்லும் வரலாறு

தமிழாசிரியர்க்குச் சொல்லிலிருந்து தொடங்குதல் இயல்பாகும். தமிழ்நாட்டில் இப்பானம் 'காப்பி'. யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் 'கோப்பி'. மலாய் மொழியில் 'கோப்பி' என்பதே வழக்கு. அரபு மொழியின் 'கஹ்வா' துருக்கிய மொழி வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்தது. ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்தில் ஆங்கில ஒலிப்பும், ஒல்லாந்தர் ஆண்ட இலங்கைக் கரையிலும் சாவகத் தீவுகளிலும் ஒல்லாந்த ஒலிப்பும் நிலைத்தன. ஆகவே மலேசியத் தமிழர் வீடுகளில் 'காப்பி', 'கோப்பி' ஆகிய இரண்டும் ஒலிப்பதைப் பிழை என்று திருத்த வேண்டுவதில்லை. பிந்தியது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார் வாயிலாகவும் வந்திருக்கலாம். பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்தும் வந்திருக்கலாம். இரண்டு வழிகளும் சேர்ந்தே அதனை நிலைக்கச் செய்தன என்பது என் கருத்து.

'கோப்பை' என்பது போர்த்துக்கீசியரின் 'கோப்போ'. அதன் அடியில் வைக்கும் 'பீரிசு' இன்னும் சுவையானது. போர்த்துக்கீசிய மொழியில் அது 'பீரெஸ்'. அச்சொல்லே மலாய் 'பீரிங்' என்பதிலிருந்து சென்றது என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் கருத்து. மலாயாவிலிருந்து கடலோடிகளின் நாவில் ஏறித் தமிழகம் சென்ற சொல், தோட்டத் தொழிலாளரோடு மீண்டும் மலாயாவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. தனித்தமிழ் அன்பர் சிலர் காப்பியைக் 'குளம்பி' என்பர். அம்முயற்சியை மதிக்கிறேன்; எனினும் 'கோப்பி' என்ற சொல்லுக்குள் இருக்கும் இக்கடல்வழிப் பயணத்தைப் புதுச்சொல்லால் தர இயலாது.

இலங்கை: இலைநோயும் இடப்பெயர்வும்

மலாயாவின் காப்பியை விளங்கிக்கொள்ள இலங்கைக்குச் செல்ல வேண்டும். கண்டி மலைநாட்டில் 1820-களில் ஆங்கிலேயர் தொடங்கிய காப்பிப் பயிர், 1840-ஆம் ஆண்டின் முடிநிலச் சட்டத்திற்குப் பின் காட்டை விழுங்கிக்கொண்டு பரந்தது. 1870-இல் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தருக்கும் மேலாகச் சென்றது. அக்காப்பியைப் பறித்தவர்கள் தென்னிந்தியத் தமிழர். பருவத்திற்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பிச் செல்வதே தொடக்ககால வழக்கம். மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதையில் நீரற்ற காட்டினூடே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் பசியும் வழியெங்கும் அவர்களைக் கொன்றன. இறந்தோர் தொகையைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. டொனோவன் மோல்ட்ரிக் 1989-இல் வெளியிட்ட நூல், அவ்வுழைப்பாளரைத் தனிப்பொருளாகக் கொண்டு எழுதப்பட்டமையால் இவண் நினைக்கத்தக்கது. பிறர் நூல்களில் பெரும்பாலும் துரைமாரே தலைமாந்தர்.

1869-இல் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் துவெய்ட்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்கிலி என்ற பூஞ்சை அறிஞர் அதற்கு 'ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். பின்சொல்லுக்குப் 'பேரழிவு செய்வது' என்பது பொருள். தோட்டக்காரர் அதனை 'எமிலி' என்னும் பெண்பெயராக்கிக் கேலி செய்தனர். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை. 1880 முதல் 1882 வரை அங்கே ஆய்வு செய்த மார்ஷல் வார்டு, நோய் காற்றில் பரவும் நுண்வித்துகளால் வருவது என்றும், இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமலையாக நட்டதே அதன் பரவலுக்கு வாய்ப்பளித்தது என்றும் விளக்கினார். அதற்குள் காலம் கடந்திருந்தது. 1884-இல் ஓரியண்டல் வங்கி வீழ்ந்தது. கைவிடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர் பலர் கூலி பெறாமலே ஊர் திரும்பினர்.

இவ்விடத்தில் ஒரு பிழையைத் திருத்துதல் நன்று. இலங்கைக் காப்பி அழிந்தமையால்தான் ஆங்கிலேயர் தேநீர் குடிப்பவராயினர் என்று மேடையிலும் ஏட்டிலும் கூறப்படுகிறது. ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தேநீர்க்குடியினர் ஆகிவிட்டனர். இலைநோய் மாற்றியது அவர்களின் கோப்பையை அன்று. இலங்கையின் மலைச்சரிவையும் தமிழ்த் தொழிலாளரின் வழித்தடத்தையுமே.

சிலாங்கூரின் காப்பிக்காடுகள்

இலங்கையில் பொருளிழந்த தோட்டக்காரருள் ஒரு பகுதியினர் கீழ்த்திசையை நோக்கினர். ஹெஸ்லப் ஹில் போன்றோர் 1870-களின் பிற்பகுதியிலேயே மலாயாவுக்கு வந்து நிலம் பெற்றனர். அவர்கள் கொண்டுவந்தவற்றுள் லிபெரிக்கா காப்பியும் ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம், அரேபிக்காவைப் போல் மலைக்குளிரை வேண்டாதது. தாழ்நிலத்து வெப்பத்தில் உயரமாக வளர்வது. கிள்ளான், காஜாங், கோலாலம்பூர்ச் சுற்றுப்புறங்கள் அதற்கு ஏற்றவை. ஆள்சேர்க்கும் முறையையும், கங்காணியையும், லயத்தையும், 'பெரட்டு' என்னும் காலை ஆளெடுப்பையும், அச்சொல்லையும் கூட அவர்கள் தம்மோடு கொண்டுவந்தனர் எனலாம். மலாயாத் தோட்ட வாழ்வின் சொல்லகராதி இலங்கைக் காப்பிக் காட்டில் தொகுக்கப்பட்டது என்பதை நம் தமிழாசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

1888-இல் பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதனையொட்டிய குழப்பத்தில் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியது. சிலாங்கூரில் காடு வெட்டப்பட்டது. கடலுக்கு அப்பால் அடிமைகளின் தளை அறுந்தபோது, இங்கே ஒப்பந்தக் கூலிகளின் தேவை பெருகியது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துக் காண்பது வரலாற்று மாணவர்க்கு ஒரு நல்ல பயிற்சி. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்த கப்பல்களில் ஏறியவர்களுக்குப் பிரேசில் என்று ஒரு நாடு இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்நாட்டின் அறுவடையே அவர்தம் கூலியை முடிவு செய்தது.

ஏற்றம் பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. 1890-களின் பிற்பகுதியில் பிரேசிலின் மிகுவிளைச்சலால் விலை சரிந்தது. இலை தின்னும் புழுக்களும் தோட்டங்களை மொட்டையடித்தன. அந்நிலையில்தான் சிங்கப்பூர்த் தாவரத் தோட்ட இயக்குநர் ரிட்லி பல்லாண்டுகளாக வலியுறுத்தி வந்த இரப்பருக்குத் தோட்டக்காரர் செவி சாய்த்தனர். காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி உடன்பிறப்புகள் 1895-ஐ ஒட்டி இரப்பர் நட்டனர். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் நட்டார். பல தோட்டங்களில் காப்பிச் செடிகளின் இடையிலேயே இரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. மரம் வளர்ந்து நிழல் கவிந்ததும் காப்பி வெட்டி எறியப்பட்டது. காப்பிக்கெனத் திருத்திய நிலமும், காப்பிக்கென வரவழைத்த ஆள்களும், காப்பிக்கெனக் கட்டிய லயமும் ஆயத்தமாக இருந்த இடத்தில்தான் இரப்பர் வந்து ஊன்றியது. இரப்பர் தமிழரைக் கொண்டுவந்தது என்று மட்டும் கூறுவது பாதி உண்மை. பல தோட்டங்களில் தமிழர் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் இரப்பர் வந்தது.

ஒரு குளிர்கால நடை

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு யான் இலண்டனில் இருந்தபோது, குடியேற்ற அலுவலகக் கோப்புகளைக் காண வாரத்தில் சில நாள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திற்குச் செல்வேன். தொடர்வண்டி நிலையத்திலிருந்து காப்பகம் வரை நடக்கும் தொலைவில், கைவிரல் விறைக்காதிருக்க ஒரு தாள்கோப்பைக் காப்பி வாங்கிக்கொள்வது வழக்கம். நம் நாட்டில் காப்பி குடிப்பதற்குரியது. அந்த நாட்டின் சனவரி மாதத்தில் அது முதலில் பிடித்துக்கொள்வதற்குரியது. படிப்பறைக்குள் எந்தப் பானத்திற்கும் இடமில்லை. ஆதலின் கோப்பையை வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே சென்று, காப்பி நிலங்களைப் பற்றிய அறிக்கைகளை நாள் முழுவதும் காப்பியின்றிப் படித்தேன்.

2009 பிப்ரவரி 2-ஆம் நாள், பதினெட்டு ஆண்டுகளில் காணாத பனி அந்நகரில் பொழிந்தது. பேருந்துகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. படிப்பு இல்லை என்றான பின், காப்பியைக் கையில் ஏந்தி, புளூம்ஸ்பரியிலிருந்து கார்ன்ஹில் வரை பனியில் நடந்தேன். அங்கே செயின்ட் மைக்கேல் சந்தில் 1652-இல் பாஸ்குவா ரோசே என்பவர் இலண்டனின் முதல் காப்பிக் கடையைத் திறந்தார். அவர் துருக்கிப் பகுதியில் வணிகம் செய்த டேனியல் எட்வர்ட்ஸ் என்பவரின் பணியாளர். அவ்விடத்தில் இன்று இருப்பது ஒரு மதுவகம். சுவரில் நினைவுப் பலகை உண்டு. ஒரு பணியாளரின் பெயர் மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் கல்லில் நிற்பதைக் கண்டு மகிழ்ந்தேன். நம் கங்காணிகளின் பெயராவது சில கோப்புகளில் கிடைக்கின்றன. அவர்கள் அழைத்து வந்தவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே கிடைக்கின்றனர்.

அக்காலக் காப்பிக் கடையில் ஓய்வு வேறு, அலுவல் வேறு என்ற பிரிவு இல்லை. லாயிட் என்பவரின் கடையில் கப்பல்காரர் கூடினர். உலகப் புகழ்பெற்ற காப்புறுதிச் சந்தை அதிலிருந்து பிறந்தது. ஜானத்தன் கடையில் 1698-இல் காஸ்டேங் பங்கு விலைப்பட்டியல் வெளியிடத் தொடங்கினார். பங்குச் சந்தையின் வேர் அங்கே. ஜெருசலம் காப்பிக் கடை, கிழக்கிந்திய வணிகரும் மாலுமித் தலைவரும் கூடும் இடம். மன்னர் இரண்டாம் சார்லசு இக்கூட்டங்களில் அரசுக்கு எதிரான பேச்சு வளர்வதாக அஞ்சி, 1675 டிசம்பர் 29-இல் காப்பிக் கடைகளை மூட ஆணையிட்டார். எதிர்ப்பு மிகவே, ஆணை நடைமுறைக்கு வருமுன்னரே, சனவரி 8-இல் அது திரும்பப் பெறப்பட்டது. கடுங்குளிரில் காப்பியைப் பறிக்க முயன்ற அரசருக்குக் கிடைத்த விடை அது.

அங்கிருந்து சற்று நடந்தால் மின்சிங் லேன். தேயிலையும் நறுமணப் பொருள்களும் காப்பியும் பின்னாளில் இரப்பரும் ஏலம் போன தெரு. சிலாங்கூர்க் காப்பியின் விலை அச்சிறு தெருவைப் போன்ற இடங்களில்தான் பேசப்பட்டது. பனி மூடிய அத்தெருவில் நின்றபோது என் கோப்பை ஆறிப்போயிருந்தது. அன்றுதான் இவ்வாய்வின் முதல் வினா என் மனத்தில் எழுந்தது: பறித்தவர்கள் இதனைக் குடித்தார்களா?

சீனர் கடையும் தமிழர் மேசையும்

ஏற்றுமதிக் காப்பி இங்கே தங்கவில்லை என்றாலும் குடிக்கும் பழக்கம் தங்கியது. அதனைப் பரப்பியவருள் தலைமையானோர் ஹைனான் தீவுச் சீனர். மற்றச் சீனக் குழுக்கள் வணிகத்துறைகளைக் கைக்கொண்ட பின் காலந்தாழ்ந்து வந்தமையால், அவர்கள் ஆங்கிலேயர் இல்லங்களில் சமையற்காரராயினர். துரை வீட்டு அடுப்படியில் கற்ற காப்பியையும் வாட்டிய ரொட்டியையும் பின்னர்த் தெருவுக்குக் கொண்டுவந்தனர். சர்க்கரையும் வெண்ணெய் அல்லது மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டை, துணி வடிகட்டி, கெட்டிப்பால், பளிங்குக்கல் மேசை. முதியவர்கள் சூடான காப்பியைப் பீரிசில் ஊற்றி ஆற்றிக் குடிப்பர். 'கோப்பி ஓ' என்றால் பாலில்லாதது. 'கோசோங்' என்றால் சர்க்கரையும் இல்லாதது. 'பெங்' என்றால் பனிக்கட்டி. முதற்சொல் ஒல்லாந்தர் வழி வந்தது, அடுத்தது ஹொக்கியன், அதற்கடுத்தது மலாய். ஒரே அழைப்பில் மும்மொழிகளைத் தமிழர் இலக்கணப் பிழையின்றிப் பேசும் இடம் இது ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

ஈண்டு கருதத்தக்க ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் காப்பிக் கடையின் பெயர்ப்பலகையே ஒரு போராட்டக்களமாக இருந்தது. சென்னையில் ஓர் உணவகப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் 1957-இல் மறியல் நடத்தினார். சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. மலாயாவின் சீனர் கடையில் குவளையைக் கழுவி வைத்தவருக்குத் தமிழரின் சாதி தெரியாது. அறிய அவருக்குத் தேவையும் இல்லை. லயத்தில் தனித்தனியே வாழ்ந்தோரும் கூலி நாளில் பட்டணம் சென்றால் ஒரே மேசையில் ஒரே வகைக் கோப்பையில் குடித்தனர். இதனை மிகைப்படுத்த யான் விரும்பவில்லை. மேசையை விட்டு எழுந்து லயத்திற்குத் திரும்பியதும் திருமணத்திலும் கோயிலிலும் பழைய வேலிகள் அவ்வாறே இருந்தன. எனினும் ஓர் அரைமணி நேரமேனும் வேலி இல்லாதிருந்த இடம் எது என்று கேட்டால், சொற்பொழிவு மண்டபத்தைவிடச் சீனர் காப்பிக் கடையையே யான் முதலில் சுட்டுவேன். பெண்கள் அங்கே அமர்வது அரிதாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் காப்பி வீடு தேடி வந்தது. காலியான கெட்டிப்பால் டின்னில் ஊற்றி, மூடியில் துளையிட்டுக் கயிறு கட்டி, ஆண்கள் மிதிவண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தனர்.

அலுவலகக் கூட்டமும் இடைவேளையும்

இன்று நம் அலுவலகங்களில் காப்பி இல்லாத கூட்டம் இல்லை. அரசு நிகழ்ச்சி நிரலில் 'மினும் பாகி' என்ற வரி, தலைமையுரைக்கு இணையான உறுதியோடு அச்சிடப்படுகிறது. சில கூட்டங்களில் அவ்வொன்றே காலந்தவறாமல் நடைபெறுகிறது என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். காப்பி அலுவலக மொழிக்குள்ளும் புகுந்துள்ளது: 'டூயிட் கோப்பி' என்றால் கையூட்டு, சிங்கப்பூரில் அதிகாரிகள் ஒருவரைக் 'காப்பி குடிக்க' அழைத்தனர் என்றால் அது விசாரணை.

வேலையிடைக் காப்பிக்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரில் கழுத்துப்பட்டை நெய்யும் ஒரு சிறு நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் இளைஞர்களை இழந்தபின் நடுவயதுப் பெண்களைத் தறியில் அமர்த்தியது. களைப்பைப் போக்க நாளுக்கு இருமுறை பதினைந்து நிமிடக் காப்பி இடைவேளை தரப்பட்டது, நெசவு பெருகியது. உரிமையாளர் அவ்விடைவேளையைக் கட்டாயமாக்கினார். அதற்குரிய கூலியை மட்டும் கொடுக்கவில்லை. வழக்கு மேன்முறையீடு வரை சென்றது. இடைவேளையால் பயனடைபவர் முதலாளியும் ஆதலின், அது கூலிக்குரிய வேலை நேரமே என 1956-இல் தீர்ப்பாயிற்று. இதற்கு நான்காண்டுகள் முன்னர்த்தான், 1952-இல், இலத்தீன் அமெரிக்கக் காப்பி விளைவிக்கும் நாடுகளின் சார்பில் இயங்கிய விளம்பர அமைப்பு 'காப்பி இடைவேளை' என்ற தொடரை அந்நாடெங்கும் பரப்பியிருந்தது.

இத்தீர்ப்பை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவரிடம் ஒன்று கேட்பேன்: பால்மரம் வெட்டியவருக்கு இடைவேளை எப்போது? விடையை நூலில் தேட வேண்டா என்பேன். உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். சில ஆண்டுகளாக இதனை ஒப்படைப்பாகவே தந்து வருகிறேன். தோட்டத்தில் வளர்ந்த தலைமுறை விரைந்து மறைகிறது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. மாணவர் ஏடுகளில் ஏறக்குறைய ஒரே செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. விடியுமுன் எழுந்து கோப்பி ஓ. அதுவே பெரட்டுக்கு முந்திய உணவு. மரம் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பால் சுரக்கும் என்பதால் வேலை இருளிலேயே தொடங்கும். எஞ்சிய காப்பி ஒரு புட்டியில் வெட்டுக்காட்டுக்குப் போகும். மரங்களை வெட்டி முடித்து, பால் மங்குகளில் நிரம்பக் காத்திருக்கும் வேளையில் ஆறிய காப்பியும் ஒரு துண்டு ரொட்டியும். அவ்விடைவேளை தொழிலாளருக்கு மரம் தந்தது. அதற்கு நீதிமன்றம் தேவைப்படவில்லை. ஆயின் அந்நேரத்திற்குக் கணக்கும் இல்லை, கூலியும் இல்லை. பல ஏடுகளில் இன்னொன்றும் காணப்படுகிறது: வீட்டில் அனைவருக்கும் காப்பி கலக்கிய பெண், தான் குடித்தது அடிமண்டியை.

இவ்வொப்படைப்பை முதலில் செய்தவன் யானே. என் பாட்டி உலு சிலாங்கூரில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே நாற்பதாண்டுகள் பால்மரம் வெட்டியவர். இலண்டனிலிருந்து திரும்பிய பின் ஒருநாள், அத்தோட்டத்தின் பழைய பகுதிகளின் பெயர்களை அவரைக் கொண்டு வரிசையாகச் சொல்லச் செய்து எழுதிக்கொண்டிருந்தேன். ஆற்றுக்கரைக்காடு, பத்தாங்கட்டைக்காடு என்று சொல்லி வந்தவர், மூன்றாவதாகக் 'கோப்பிக்காடு' என்றார். அங்கே காப்பிச் செடி இருந்ததா என்று வினவினேன். அவர் காலத்தில் இல்லை, இரப்பர் மட்டுமே. பின் ஏன் அப்பெயர் என்றதற்கு, "எங்க அப்பாயி காலத்துலேர்ந்து அப்படித்தான் சொல்லுவாங்க, தம்பி" என்றார். அவருடைய அப்பாயி அங்கே காப்பி பறித்திருக்கிறார். பழத்தின் சதை இனிக்குமாம். பிள்ளைகள் அதனைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கூடையில் துப்புவார்களாம். கொட்டை எண்ணி அளக்கப்படும். அதனை வறுத்துக் குடித்தார்களா என்று கேட்டேன்.

"அது தொரைக்கு," என்றார். பிறகு எனக்கு வைத்திருந்த காப்பியைப் பீரிசில் ஊற்றி, ஆற்றி, என் பக்கம் நகர்த்தினார்.

அந்தத் தோட்டம் 1990-களில் விற்கப்பட்டது. கோப்பிக்காடு இருந்த இடத்தில் இப்போது மூன்று வரிசை மாடிவீடுகள் உள்ளன. சாலைகளுக்குப் பூக்களின் பெயரை இட்டிருக்கிறார்கள்.